வெலோட்ரோமில் முதல் சாம்பியன்ஷிப்: ஒரு நாள் ஓட்டினேன், ஒரு நாள் பார்த்தேன்

#1 பிரேக்கில்லாதவன்

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதும்படியாக இப்போதுதான் ஒன்று நடந்திருக்கிறது. போன வாரம் வெலோட்ரோமில், அதாவது வளைவுகள் சரிந்திருக்கும் 250 மீட்டர் மரத் தளத்தில், ஒரு வயதுவாரி சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் ஓட்டினேன். சனிக்கிழமை எனக்கு மூன்று போட்டி. ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை. தங்கையைக் கூட்டிக்கொண்டு போய் மேலே உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதல் போட்டி 1 கிலோமீட்டர், தனி ஆளாகக் கடிகாரத்தோடு. பின்சக்கரத்தை ஸ்டார்ட் கேட் கவ்விப் பிடித்திருக்கும். எதிரே எண்கள் இறங்கிக்கொண்டே வரும், கடைசி ஐந்து வினாடிக்கு பீப் அடிக்கும். இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, கேட் விடுகிற கணத்தில் முன்னால் வீச வேண்டும். பயிற்சியில் ஐம்பது தடவை செய்தது. அன்றைக்கு ஒரு பீப் முந்திவிட்டேன். சைக்கிள் அப்படியே நிற்க, நான் மட்டும் ஹேண்டில்பார் மேல் சாய்ந்து, மறுபடி பின்னால் வருகிற நேரம் பார்த்து கேட் திறந்தது. உடம்பு ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். முதல் அரைச் சுற்றை உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் கடந்தேன். 1 நிமிடம் 19 வினாடி. வெளியே சொல்லிக்கொள்கிற நேரமில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அடுத்தது ஸ்க்ராட்ச், எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி முதலில் முடிப்பவர் வெல்கிற போட்டி, 40 சுற்று. கூட்டத்தோடு போனேன், கூட்டத்தோடு முடித்தேன். பதினொன்றாவது இடம்.

எலிமினேஷன்தான் இன்னும் தூங்கவிடவில்லை. தெரியாதவர்களுக்கு: இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மணி அடிக்கும், அந்தச் சுற்றின் முடிவில் கோட்டைக் கடைசியாகக் கடப்பவர் வெளியே. 18 பேர் கிளம்பினோம். நான் உள்விளிம்பை ஒட்டிய கறுப்புக் கோட்டிலேயே, முன்னாலிருந்து நாலாவதாக, சுகமாகப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் மூன்று பேர் காற்றை வாங்கிக்கொள்கிறார்கள், தூரமும் குறைவு, இதைவிட என்ன வேண்டும்? மூன்றாவது தடவை மணி அடித்தது. வலது பக்கம் மேலேயிருந்து ஒருவர் இறங்கி எனக்குப் பக்கத்தில் வந்தார். அவர் பின்னால் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். ரயில் மாதிரி என்னைக் கடந்து போகிறார்கள், நான் வெளியே வரவே முடியவில்லை. முன்னால் இருந்தவர் வேகம் எடுக்கவில்லை. கோட்டைக் கடந்ததும் ஒலிபெருக்கியில் '31' என்றார்கள். என் எண். திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாருமே இல்லை.

கால் வலிக்கவே இல்லை. அதுதான் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவுக்கோட்டுக்கு நேர் எதிரே இடம் பிடித்தோம். இரண்டிரண்டு பேராக மோதுகிற ஸ்பிரிண்ட் நடந்துகொண்டிருந்தது. தங்கை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, 'ஏன் இவங்க போகவே மாட்டேங்கிறாங்க?' என்றாள். என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. மத்தியானத்துக்கு மேல் கூட்டம் கூடியதால் இடம் மாறி வளைவின் உச்சியில் போய் உட்கார்ந்தோம். அங்கிருந்து கீழே பார்த்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல் இருக்கிறது. இதிலா நான் நேற்று ஓட்டினேன் என்று இருந்தது.

இரண்டு கேள்வி. எலிமினேஷனில் நான் எங்கே இருந்திருக்க வேண்டும்? தங்கைக்கு என்ன பதில் சொல்ல?

#2 கறுப்புக்கோடு

தம்பி, வாழ்த்துகள். கால் வலிக்காமல் வெளியேறாதவர் இந்தப் போட்டியில் யாருமில்லை. எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது.

முதலில் ஒன்று. நடுவர் பார்ப்பது பின்சக்கரத்தை. பின்சக்கரத்தின் கடைசி விளிம்பு எப்போது கோட்டைக் கடக்கிறது என்பதுதான் கணக்கு. முன்சக்கரத்தை நீட்டித் தப்பிக்கிற பழக்கம் மற்ற போட்டிகளிலிருந்து வருவது, இங்கே அது கால்வாசிதான் உதவும்.

அடுத்தது நீங்கள் இருந்த இடம். இடது பக்கம் நீலப்பட்டை, போட்டியில் அங்கே இறங்கி முந்தக் கூடாது. முன்னால் ஒரு ஆள், வலது பக்கம் ஒரு ஆள். ஆக மூன்று பக்கமும் சுவர். பின்னால் மட்டும்தான் போகலாம், போனீர்கள்.

எல்லோரும் கறுப்புக் கோட்டை விரும்புவது தூரக் கணக்கால். 250 மீட்டர் அளந்திருப்பதே அந்தக் கோட்டில்தான். சரிவில் ஒரு மீட்டர் மேலே ஓட்டினால் சுற்றுக்கு நான்கைந்து மீட்டர் கூடுதல். தனி ஆளாகக் கடிகாரத்தோடு ஓடும்போது அது பெரிய விஷயம். கூட்டத்தில் அதைச் செலவாக நினைக்காதீர்கள், சேமிப்பாக நினையுங்கள். மேலே ஏறும்போது உழைப்பை உயரமாக மாற்றி வைத்திருக்கிறீர்கள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிறவர் மூன்று மீட்டர் உயரம் இறங்கினால், காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், கூடுதலாக மிதிக்காமலே 48 பக்கம் வருவார். பள்ளிக்கூடத்தில் படித்த அதே நிலையாற்றல்தான். உங்களைக் கடந்து போன 'ரயில்' உங்களைவிடப் பலசாலிகள் என்று நினைக்கிறீர்களா? மணி அடிக்கும்போது உங்களைவிட மேலே இருந்தார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் இருந்திருக்க வேண்டிய இடம், கறுப்புக் கோட்டுக்குச் சற்று மேலே ஓடும் சிவப்புக் கோட்டுக்கும் மேலே, இரண்டாவது மூன்றாவது வரிசையில், முன்பாதிக்குள். மணி அடித்ததும் இறங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமை உங்களிடம் இருக்க வேண்டும்.

#3 சோபா_ரசிகன்

நான் ஓட்டுபவன் இல்லை, டிவியில் மட்டும் பார்ப்பவன். உங்கள் தங்கை கட்சி. ஸ்பிரிண்ட் மூன்று சுற்று, 750 மீட்டர். அதில் கடைசி 200 மீட்டர் மட்டும்தான் போட்டி என்றால் மீதி 550 மீட்டர் எதற்கு? தகுதிச் சுற்றில்தான் 200 மீட்டர் நேரம் எடுக்கிறார்களே, அதையே பார்த்துப் பதக்கம் கொடுத்துவிட்டு விளக்கை அணைக்கலாம்.

#4 உருளை_அக்கா

சோபா சார், நான் ஸ்பிரிண்ட் ஓட்டுபவள், கொஞ்சம் சூடாகத்தான் பதில் சொல்வேன்.

அந்த 550 மீட்டரில்தான் போட்டி. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க வேண்டும், பின்னால் இருப்பவர் அந்த நிழலில் சும்மா வரலாம். முன்னால் போகிறவர் கழுத்தைத் திருப்பித்தான் பின்னால் இருப்பவரைப் பார்க்க முடியும், பின்னால் இருப்பவருக்கோ எல்லாமே கண்ணெதிரில். அதனால் யாருக்கும் முன்னால் போகப் பிடிக்காது. முதல் சுற்றை யார் முன்னின்று ஓட்ட வேண்டும் என்பதற்குச் சீட்டுப் போடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய காலத்தில் இது எந்த அளவுக்குப் போனதென்றால், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலியின் ஜியோவன்னி பெத்தெனெல்லாவும் பிரான்சின் பியர் திரெந்தானும் 21 நிமிடத்துக்கு மேல் சைக்கிளில் அசையாமல் நின்றார்கள். கால் தரையில் படாமல். இப்போது ஒரு நிற்றலுக்கு 30 வினாடிதான், அதுவும் இரண்டு தடவைக்கு மேல் கிடையாது, 20 சென்டிமீட்டர் பின்னால் உருண்டாலும் தவறு.

நேரத்தை மட்டும் பார்த்துப் பதக்கம் கொடுக்கலாம் என்றீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றில் மேத்யூ ரிச்சர்ட்சன் 9.091 வினாடியில் உலக சாதனை செய்தார். சற்று நேரத்தில் ஹாரி லாவ்ரெய்சன் 9.088. வித்தியாசம் ஆயிரத்தில் மூன்று. உங்கள் கணக்குப்படி அத்தோடு முடிந்தது. ஆனால் இறுதியில் லாவ்ரெய்சன் இரண்டுக்குப் பூஜ்யம் என்று முடித்தாரே, அது ஆயிரத்தில் மூன்று போலவா இருந்தது? 2025-இல் ரிச்சர்ட்சன் 9 வினாடிக்குக் கீழேயே போய்விட்டார். அது தனி அழகு, மறுக்கவில்லை. கடிகாரத்தோடு ஓடுவது ஒரு வேலை, இன்னொரு மனுஷன் உங்கள் தோளைப் பார்த்துக்கொண்டே வரும்போது ஓடுவது வேறு வேலை.

#5 சோபா_ரசிகன்

21 நிமிடமா! நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

#6 மணிக்காரர்

நான் உள்ளூர்ப் போட்டிகளில் சுற்றுக் கணக்குப் பலகைக்கும் மணிக்கும் பக்கத்தில் நிற்கிற ஆள். முடிவுக்கோட்டுக்கு மிக அருகே இருந்தும் போட்டியை மிகக் குறைவாகப் பார்ப்பவன் நான்தான், ஏனென்றால் கண் எப்போதும் எண்ணில் இருக்கும். ஒருமுறை பாயின்ட்ஸ் ரேஸில் கூட்டம் இரண்டாக உடைந்து, இரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. எந்தக் கூட்டத்துக்குப் பலகையைத் திருப்புவது என்று ஒரு நொடி குழம்பி, திருப்பாமலே விட்டுவிட்டேன். தலைமை நடுவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. ஓட்டுபவர்கள் யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பெருந்தன்மையாக விட்டார்கள்.

சோபா சாருக்கு ஒரு போட்டி சொல்கிறேன், தேடிப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட், ஆண்கள் கெய்ரின் இறுதி. கெய்ரின் என்றால் ஆறு சுற்று. டெர்னி என்கிற மோட்டார் சைக்கிள் முதல் மூன்று சுற்றுக்கு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி மணிக்கு 50 வரை கொண்டுபோய் விட்டு விலகும். அன்றைக்கு டெர்னிக்குப் பின்னால் ஜேசன் கென்னி. அவருக்குப் பின்னால் இருந்தவர் கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார். டெர்னி விலகியதும் கென்னி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்த இடைவெளியைக் கண்டதும் கிளம்பிவிட்டார். மூன்று சுற்று மிச்சம்! அது தற்கொலைக்குச் சமம் என்று யாருமே துரத்தவில்லை. 'நீ போ, நீ போ' என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவுக்கோடு வரை அவரைப் பிடிக்க முடியவில்லை. அது அவருடைய ஏழாவது ஒலிம்பிக் தங்கம். அஸிஸுல்ஹஸ்னி அவாங் இரண்டாவது, லாவ்ரெய்சன் மூன்றாவது.

அந்த ஒரு திரும்பிப் பார்த்தலுக்காகத்தான் மெதுவான சுற்றுகளைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

#7 சின்னச்சக்கரம்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ட்ராக் சைக்கிளில் பிரேக்கே இல்லை என்பது உண்மையா? அப்புறம் அந்தச் சரிவில் வழுக்கி விழாமல் எப்படி? அடுத்த மாதம் அறிமுக வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

#8 உருளை_அக்கா

உண்மைதான் சின்னச்சக்கரம். பிரேக் கிடையாது, பிரீவீலும் கிடையாது, ஒரே கியர். பின்சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும். நிறுத்த நினைத்தால் காலால் பெடலைத் தாங்கி மெதுவாக்க வேண்டும், அல்லது சரிவில் மேலே ஏறினால் தானே வேகம் குறையும். அத்தனை பேரும் பிரேக் இல்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. முன்னால் போகிறவர் திடீரென்று நிற்க முடியாது என்று தெரிந்தால்தான் ஒரு சாண் இடைவெளியில் தைரியமாக ஓட்டலாம்.

என் முதல் நாள் கதை: பத்துச் சுற்று நன்றாகப் போனது. வெளியே வரும்போது, பல வருடம் சாலையில் ஓட்டிய பழக்கத்தில், காலை நிறுத்தி உருளவிட்டேன். பெடல் விடவில்லை. கீழேயிருந்து யாரோ உதைத்தது போல் இருக்கையிலிருந்து ஓர் அடி தூக்கிப் போட்டது. விழவில்லை, ஆனால் நான் போட்ட சத்தத்துக்கு நடுவில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்களும் ஒருமுறை செய்வீர்கள். எல்லோரும் செய்வார்கள்.

வழுக்குவது பற்றி. வளைவில் சரிவு 42 டிகிரிக்கு மேல் இருக்கும், நேர்ப்பகுதியில் 12, 13 டிகிரி. புதியவர்களுக்குச் சொல்லும் கணக்கு, வளைவுக்குள் நுழையும்போது 30 கி.மீ. இருக்கட்டும் என்பது. அந்த வேகத்தில் உடம்பு தளத்தோடு சேர்ந்து சாய்ந்துகொள்ளும், சாய்ந்திருப்பதே தெரியாது. பயந்து மெதுவாகப் போனால்தான் டயர் வழுக்கும். சைக்கிளில் இதுதான் தலைகீழ்: பயம் வந்தால் மிதிக்க வேண்டும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவின் வெளி வாசலில் இருக்க வேண்டும். தேர்ந்த ஸ்பிரிண்டர்கள் வளைவிலேயே நடக்கிற வேகத்தில் போவார்கள், அதைப் பார்த்து முதல் வாரத்தில் முயற்சி செய்ய வேண்டாம்.

#9 சின்னச்சக்கரம்

நன்றி அக்கா. கலக்கம் கூடிவிட்டது.

#10 பெரியபல்

பிரேக்கில்லாதவன், என்ன கியர் போட்டிருந்தீர்கள்? இப்போதெல்லாம் உலக அளவில் எல்லோரும் பெரிய கியர். 52க்கு 14, அதாவது முன்னால் 52 பல், பின்னால் 14 பல் போடுங்கள், எலிமினேஷன் தானாக வசப்படும்.

#11 பிரேக்கில்லாதவன்

48க்கு 15. ஒரு மிதி சுற்றுக்கு 6.7 மீட்டர் போல. ஒரு சுற்றுக்கு 37 தடவை கால் சுற்ற வேண்டும்.

#12 கறுப்புக்கோடு

பெரியபல், கெடுக்காதீர்கள். பெரிய கியர் அவர்களுக்கு அழகு, காரணம் அவர்கள் ஓடுகிற வேகம் அப்படி. 9.088 என்றால் மணிக்கு 79 கி.மீ. தம்பி ஓடியது 45. எலிமினேஷனில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சட்டென்று வேகம் எடுக்க வேண்டும், 52க்கு 14-ஐ ஒவ்வொரு தடவையும் முடுக்கினால் பத்தாவது மணிக்கு முழங்கால் பேசும். 48க்கு 15 சரியான கியர். கியரால் அவர் தோற்கவில்லை.

#13 பெரியபல்

முழங்கால் பேசுவது பயிற்சி இல்லாதவர்களுக்கு. நான் 53க்கு 14-லேயே

#14 மட்டுறுத்துநர்

கியர் சண்டையின் மீதி 23 பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியாகிவிட்டது. இங்கே ஓட்டுவது, பார்ப்பது மட்டும்.

#15 பழைய_டயர்

அவாங் பெயர் வந்ததால் சொல்கிறேன். 2011, மான்செஸ்டர் உலகக் கோப்பை, கெய்ரின். கடைசிச் சுற்றில் கூட்டமாக விழுந்தார்கள். மரத் தளத்தில் உரசி விழுந்தால் சிராய் ஏறும். நமக்கெல்லாம் விரலில் ஏறும், அவருக்குக் கெண்டைக்காலில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது. எழுந்து, சைக்கிளில் ஏறி, கோட்டைக் கடந்து மூன்றாவது இடத்தை வாங்கினார். அப்புறம்தான் விழுந்தார். 2017-இல் அதே கெய்ரினில் உலக சாம்பியன் ஆனார். படத்தைத் தேடாதீர்கள், நான் தேடினேன்.

விழுவதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்று சிலர் சொல்வார்கள். நேரில் ஒருமுறை கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கார்பன் ஃபிரேம் உடைகிற சத்தமும், அதன் பின்னால் அரங்கம் முழுவதும் மூச்சை இழுக்கிற சத்தமும். டிவியில் வர்ணனையாளர் குரல் இதை மூடிவிடுகிறது.

#16 பிரேக்கில்லாதவன்

எல்லோருக்கும் நன்றி. கறுப்புக்கோடு அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்ததை மறுபடி ஓட்டிப் பார்த்தேன், மனசுக்குள்தான்.

முடிவுக்கோட்டுக்கு எதிரே உட்கார்ந்தபோது எல்லாமே தட்டையாகத் தெரிந்தது. யார் முன்னால், யார் பின்னால், அவ்வளவுதான். வளைவின் உச்சிக்குப் போன பிறகுதான் மேலே கீழே என்று இன்னொரு அளவு இருப்பதே கண்ணில் பட்டது. பெண்கள் ஸ்பிரிண்ட் அரையிறுதி ஒன்று. முன்னால் போகிறவர் கீழே சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில். பின்னால் வருபவர் மேலே, எங்களுக்கு நேர் கீழே, கம்பியை ஒட்டி. எவ்வளவு பக்கம் என்றால் அவர் மூக்கால் மூச்சு விடுவது கேட்டது. கை நீட்டினால் ஹெல்மெட் தொடும் தூரம். இறங்குவது போல் முன்சக்கரத்தை ஒரு முறை வெட்டினார். கீழே இருந்தவர் உடனே முதுகை வளைத்து அரைப் பெடல் வேகம் எடுத்தார். இவர் இறங்கவில்லை. மறுபடி அதே வெட்டு, மறுபடி கீழே இருந்தவர் துள்ளல். மூன்றாவது வெட்டுக்குக் கீழே இருந்தவர் அசையவில்லை. அந்தத் தடவைதான் இவர் நிஜமாக இறங்கினார். கல்லைப் போட்டது போல் இறங்கினார். கீழே இருந்தவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அரை சைக்கிள் நீளம் போயிருந்தது.

தங்கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். 'ஓ, ஏமாத்துறதா இது?' என்றாள். ஆமாம் என்று சொன்னேன். அதற்கப்புறம் 'ஏன் போகலை' என்று அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் 'இப்ப, இப்ப, இல்ல, இல்ல' என்று பக்கத்து வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

#17 மணிக்காரர்

வளைவு இருக்கைக்கு என் ஓட்டும். முடிவுக்கோட்டுப் பக்கம் ஒரே ஒரு லாபம், முடிவு முதலில் தெரியும். அதையும் இப்போது திரை சொல்லிவிடுகிறது. டீம் பர்சூட் மட்டும் விதிவிலக்கு. இரண்டு அணியும் எதிரெதிர் நேர்ப்பகுதியில் கிளம்புவதால், நடுக்கோட்டுக்கு நேராக உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கடப்பதை மாறி மாறிப் பார்க்கலாம். நான்கு பேரில் மூன்றாவது ஆளின் நேரம்தான் எடுப்பார்கள், அதனால் நான்காவது ஆள் எப்போது கழன்றுகொள்கிறார் என்று பாருங்கள். முன்னால் இழுத்தவர் வளைவில் மேலே ஏறி, மற்ற மூவரும் கீழே கடந்ததும், கடைசி ஆளின் பின்சக்கரத்துக்கு இறங்குகிறாரே, அதில் ஒரு அடி பிசகினால் அப்புறம் பிடிக்க முடியாது. பாரிஸ் இறுதியில் பிரிட்டனின் ஈதன் ஹேட்டர் கடைசியில் இருக்கையிலிருந்தே சறுக்கினார், ஆஸ்திரேலியாவுக்குத் தங்கம். அத்தனை வருடப் பயிற்சி இருந்தும் களைத்த உடம்பு இருக்கையில் நிற்காது.

இன்னொன்று. உள்ளே ஏன் அவ்வளவு புழுக்கம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். வேண்டுமென்றேதான். சூடான காற்று லேசு, கிழிப்பது சுலபம். பெரிய போட்டிகளில் 28 டிகிரி பக்கம் வைத்திருப்பார்கள். சாதனை முயற்சி நடக்கும்போது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு போனில் பேசினீர்களானால் உங்களை நோக்கி ஓடிவருகிற முதல் ஆள் நான்.

#18 சோபா_ரசிகன்

சரி, கெய்ரின் பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன், கழுத்தைத் திருப்பியபோது எனக்கே 'போ போ' என்று வாய் வந்துவிட்டது. ஸ்பிரிண்ட் பற்றி என் கருத்து பாதி மாறியிருக்கிறது. ஆனால் மேடிசனுக்கு என்ன சொல்கிறீர்கள்? பதினைந்து அணி, முப்பது பேர், பாதிப் பேர் போட்டியில் இல்லாமல் மேலே சும்மா சுற்றுகிறார்கள், யார் முன்னால் என்று கடவுளுக்கே தெரியாது.

#19 உருளை_அக்கா

சும்மா சுற்றவில்லை சார், இளைப்பாறுகிறார்கள். ஓர் அணிக்கு இரண்டு பேர். ஒரு நேரத்தில் ஒருவர்தான் போட்டியில். கதை சுவாரசியமானது: 1890களில் அமெரிக்காவில் ஆறு நாள் சைக்கிள் போட்டி என்று ஒருவரே தூங்காமல் ஓட்டுகிற கொடுமை நடந்தது. ஒருவர் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று நியூயார்க்கில் சட்டம் போட்டதும், அப்படியானால் இரண்டு பேரை வைத்து ஓட்டுகிறோம் என்று ஆரம்பித்தார்கள். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்ததால் அந்தப் பெயர்.

ஆள் மாற்றுவதைப் பற்றிச் சொல்கிறேன். மேலே இருக்கிற நான் மெதுவாக இறங்கி வருவேன். போட்டியில் இருக்கும் என் ஜோடி 50 கி.மீ.யில் பின்னாலிருந்து வருவாள். என் வலது கை ஹேண்டில்பாரில், இடது கை இடுப்புக்குப் பக்கத்தில் பின்னால் நீட்டி விரித்திருக்கும். அவள் கை அதில் வந்து விழும். விழுகிற கணத்தில் இரண்டு பேரும் இறுக்க வேண்டும், அவள் தன் வேகத்தை என் கையில் போட்டுத் தள்ளிவிட்டுப் போவாள். சரியாக விழுந்தால் பின்னாலிருந்து அலை தூக்கிவிட்ட மாதிரி இருக்கும். தவறினால் தோள்பட்டை கழன்றது போல் இருக்கும். எங்களுக்குச் சைகை எதுவும் கிடையாது, முழங்கையை அவள் வைத்திருக்கும் விதத்திலேயே இந்தச் சுற்றா அடுத்த சுற்றா என்று தெரிந்துவிடும். இரண்டு வருடம் ஆனது அதற்கு.

பார்க்கும்போது முப்பது பேரையும் பார்க்காதீர்கள். ஓர் அணியைத் தேர்ந்தெடுங்கள், அவர்கள் இரண்டு பேரை மட்டும் பாருங்கள். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை ஸ்பிரிண்ட், 5, 3, 2, 1 புள்ளி. கூட்டத்தை ஒரு முழுச் சுற்று முந்தினால் 20 புள்ளி. ஆரம்பிக்க டோக்கியோ பெண்கள் மேடிசன் நல்லது, ஏனென்றால் அதில் குழப்பமே இல்லை. கேட்டி ஆர்ச்சிபால்டும் லாரா கென்னியும் 12 ஸ்பிரிண்டில் 10-ஐ வென்றார்கள்.

#20 சோபா_ரசிகன்

10 வென்றால் அதில் என்ன சுவாரசியம்? சும்மா சொன்னேன் அக்கா. பார்க்கிறேன்.

#21 கறுப்புக்கோடு

தம்பி, ஒரு சந்தேகம். அந்த மூன்றாவது மணியில் உங்களுக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள் என்றீர்கள். அவர்கள் ஏன் சிக்கவில்லை என்று யோசித்தீர்களா?

#22 பிரேக்கில்லாதவன்

யோசித்தேன் அண்ணா. முதல் ஆளுக்கு முன்னால் யாருமில்லை. இரண்டாவது ஆள் மணிக்கு முன்பே வலது பக்கம் ஒதுங்கிவிட்டார். மூன்றாவது ஆளும் என்னை மாதிரிதான், ஆனால் அவர் எனக்கு முன்னால் இருந்தார். அவர் எண்தான் அடுத்த மணிக்குச் சொன்னார்கள்.

#23 பிரேக்கில்லாதவன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நேற்றுப் பயிற்சி முடிந்ததும் 14 பேரோடு ஓர் எலிமினேஷன் வைத்தார்கள். சிவப்புக் கோட்டுக்கு மேலே, இரண்டாவது வரிசை. காற்று முகத்தில் அடிக்கிறது, தூரம் கூடுதல், இதயம் வாய்க்கு வருகிறது, சுகமாகவே இல்லை. ஆனால் ஒவ்வொரு மணிக்கும் இடது பக்கம் கீழே பார்த்தால் யாராவது ஒருவர் அந்தக் கறுப்புக் கோட்டில் அழகாக, நிதானமாக, நான்காவதாகப் போய்க்கொண்டிருக்கிறார். எட்டு எண்களைச் சொன்னார்கள், ஒன்றும் என்னுடையது இல்லை. ஒன்பதாவது மணிக்கு, ஆறு பேர் மிச்சம் இருக்கும்போது, நான் இறங்கலாம் என்று பார்த்து வைத்த இடத்தில் அரை நொடி முன்னால் இன்னொருவர் இறங்கிவிட்டார். மறுபடி 31. இந்தத் தடவை கால் எரிந்தது.

தங்கை வளைவின் உச்சியில்தான் உட்கார்ந்திருந்தாள். 'நீ ரெண்டு வளைவு முன்னாடியே இறங்கியிருக்கணும்' என்றாள். அவள் இதுவரை ட்ராக் சைக்கிளில் ஏறியதே இல்லை. சின்னச்சக்கரம் போகிற அதே வகுப்புக்கு இப்போது அவளும் பெயர் கொடுத்திருக்கிறாள்.

உருளை அக்கா, சனிக்கிழமை வரும்போது லாக்ரிங் ஸ்பேனர் கொண்டுவர முடியுமா? 15-ஐக் கழற்றிவிட்டு 16 போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பெரியபல் அண்ணாவுக்குத் தெரிய வேண்டாம்.